ஆண் உடலின் அச்சத்தை மேடையில் எந்த மொழியில் சொல்வது?

காவிரிக்கரை அரங்கன் (கேள்வி)

வணக்கம். திருச்சியில் கல்லூரி மாணவர்களையும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகளாக நாடகம் செய்துவருகிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாடகம் என்னை ஓரிடத்தில் நிறுத்திவிட்டது. அதற்கு வழி கேட்டே இதை எழுதுகிறேன்.

நாடகம் நாற்பது நிமிடம், பாத்திரங்கள் இரண்டு. திருமணம் நிச்சயமாகியிருக்கும் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த துண்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த ஊர் லாட்ஜில் அறை எடுத்து நோயாளிகளைப் பார்க்கும் பரம்பரை வைத்தியர் ஒருவரைத் தேடிப் போகிறான். நாடகம் முழுவதும் அந்த அறைக்குள்தான் நடக்கிறது. சிறுவயதுக் கைப்பழக்கத்தால் தன் உடல் கெட்டுப்போய்விட்டது என்று அவன் பல ஆண்டுகளாக நம்பிவந்திருக்கிறான். அந்த நம்பிக்கைதான் வைத்தியரின் முதலீடு.

முதல் சிக்கல் சொல். மருத்துவச் சொற்களைக் கொடுத்தால் அவன் பள்ளிப் பாடநூலை ஒப்பிப்பவன்போல ஆகிவிடுகிறான். தெருவில் புழங்கும் சொற்களைக் கொடுத்தால் அவை அத்தனையும் வசவாக இருக்கின்றன. எஞ்சியிருப்பது 'ஆண்மைக்குறைவு' என்ற விளம்பரச் சொல். அதைச் சொன்ன மாத்திரத்தில் ஒரு மனிதனின் உடல்நிலையைப் பற்றிய பேச்சு, அவன் மனிதனா என்பதைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் சிரிப்பு. சென்ற மாதம் பிரதியை முதன்முறையாக உரக்கப் படித்தபோது, இளைஞன் வாய் திறந்த முதல் வரியிலேயே இருபது பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவில்லை. ஒரு மாணவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் அவர் என்னிடம் வந்து, "சார், அந்தப் பையன் சொல்லுறதில ஒண்ணுகூட பொய் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் எதற்காக எழுந்துபோனார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அந்த ஒருவருக்காகத்தான் இந்த நாடகம் என்பது எனக்கு அப்போது உறுதியானது.

மூன்றாவது, நடிகனின் உடல். என்னிடம் வரும் இளைஞர்களுக்கு மார்பை நிமிர்த்தி நிற்கத் தெரிகிறது, அடிக்கக் கை ஓங்கத் தெரிகிறது. பயந்த ஆணாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னால், உடனே கேலிச்சித்திரமாகி விடுகிறார்கள். மேடை அனுபவம் உள்ளவர்களும், இத்தகைய இளைஞர்களை அருகிலிருந்து பார்த்தவர்களும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செய்யாற்றுக் கூத்துக்காரன்

என் வயதை வைத்துத் தம்பி என்றே அழைக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தெருக்கூத்தில் பெண்வேஷம் கட்டியவன் நான். திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி எல்லாம் கட்டியிருக்கிறேன். சாயங்காலம் மீசையை மழித்துக்கொண்டு அரிதாரம் பூச உட்கார்ந்தால், விடியும்வரை ஊர் என்னைத் தாயே என்று கும்பிடும். வேஷம் கலைத்து முகம் கழுவிக்கொண்டு அதே ஊர்த் தேநீர்க் கடைக்குப் போனால், அங்கிருப்பவர்கள் என் நடையைப் பார்ப்பார்கள். எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது சொந்தக்காரர்கள் சொன்ன வாழ்த்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஏதோ ஒரு வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததுபோலப் பேசினார்கள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கூத்தில் சிரிப்புக்குக் கட்டியங்காரன் இருக்கிறான். உடம்பைப் பற்றிய கொச்சைப் பேச்சு, இரட்டை அர்த்தம், ராஜா வேஷத்தையே கிண்டல் செய்வது என எல்லாமே அவனுடைய உரிமை. சபையில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தாலும் அவன் பேசுவான், அவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அந்த உரிமை அவன் ஒருவனுக்குத்தான் உண்டு, மற்ற வேஷக்காரர்கள் தங்கள் பாத்திரத்தைவிட்டு இறங்கமாட்டார்கள். உங்கள் நாடகத்தில் கட்டியங்காரன் இல்லாததால், சிரிக்க வேறு ஆள் கிடைக்காமல் சபை அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறது. லாட்ஜில் சாவி கொடுக்கிறவன், தண்ணீர் கொண்டுவருகிறவன் என யாராவது ஒருவனை உள்ளே விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் சபை அவனிடம் சிரித்துத் தீர்த்துவிட்டால், அதன்பிறகு பையன் பேசும்போது கேட்கும்.

இன்னொன்று, ஆணின் ஆசையை ஒரு நோயாகவே பாடுவதற்குக் கூத்தில் இடம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விராட பருவத்தில் கீசகன் திரௌபதியைக் கண்ட பின் உடம்பு எரிகிறது, உறக்கமில்லை, நிலவு சுடுகிறது என்று புலம்புவான். அந்தப் புலம்பலை நன்றாகப் பாடுகிற ஆட்டக்காரர் வாய்த்தால், அக்கிரமம் செய்யப்போகிறவன் என்று தெரிந்தும் சபை ஒரு கணம் அவனுக்காக வருந்தும். பிறகு பீமன் பெண் உடையில் இருட்டில் காத்திருந்து அவனைச் சதை உருண்டையாகப் பிசைந்து போடுவான். ஆணின் தவிப்பைப் பாட நம் மேடை அனுமதித்தது கொல்லப்படப் போகிறவனுக்குத்தான் என்பது எனக்கு வெகுநாள் உறுத்தல். நல்லவனுக்கு அப்படி ஒரு பாட்டு ஏன் இல்லை?

உடம்பு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். துகிலுரியும் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அந்த நிமிடம் அவர் கை நடுங்குவதை நான் திரௌபதியாக நின்று மிக அருகில் பார்த்திருக்கிறேன். அது நடிப்பல்ல. உங்கள் பையன்களை அப்படி ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள். பெரிய உடம்புக்காரன் ஒருவன் பயப்படுவது எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

பழைய நோட்டீஸ்

நான் நாடகக்காரன் அல்லன். பழைய நாடக அறிவிப்புத் தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேகரிப்பவன். கூத்துப் பெரியவரின் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அவர் சொன்னதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒரு சொல் தமிழ் நாடக உலகில் இருக்கிறது. அது 'மகரக்கட்டு'.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிறுவர்களை மட்டுமே வைத்து நடத்தப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தமிழ் மேடையை ஆண்டன. டி. கே. எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில்தான் தொடங்கினார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என எல்லாவற்றையும் சிறுவர்களே ஏற்றார்கள். பிற்காலத்தில் ஆண்மையின் திருவுருவமாகத் திரையில் கொண்டாடப்பட்ட சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக மேடையேறியவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை பாட்டு எட்டவேண்டும் என்பதால், உயர்ந்த சுருதியில் நின்று பாடும் குரல்தான் ஒரு சிறுவனின் சொத்தாக இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்தக் குரல் உடையும். அதைத்தான் மகரக்கட்டு என்றார்கள். ஓர் உடல் ஆணுடலாக மாறுவதன் முதல் அறிகுறி அங்கே ஒரு தொழில் விபத்தாக எண்ணப்பட்டது. நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் பாதிப் பாட்டில் குரல் பிசிறி நிற்பான். ஒரு வாரத்தில் அவன் வேடம் வேறொருவனுக்குப் போகும். அவன் பக்கவாட்டில் திரை இழுத்துக்கொண்டோ, சேவகனாக நின்றுகொண்டோ, குரல் மறுபடி கூடுமா என்று மாதக்கணக்கில் காத்திருப்பான். சிலருக்குக் கூடியது, பலருக்குக் கூடவில்லை. பி. யு. சின்னப்பா குரல் உடைந்து கம்பெனியைவிட்டு விலகியபின் புதுக்கோட்டையில் உடற்பயிற்சியும் சிலம்பமும் பயின்று, பிறகு குரலும் திரும்பப்பெற்றுப் பாடகராகவும் சண்டைக்காரராகவும் திரைக்கு வந்தார்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஆண் தன் உடலைத் தன் கட்டுப்பாட்டுக்குள் இல்லாத ஒன்றாக, தன்னைக் கேட்காமல் மாறி அவமானப்படுத்தும் ஒன்றாக உணரும் அனுபவம் நம் மேடைக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான். நூற்றுக்கணக்கான சிறுவர்கள் அதைச் சபைக்கு முன்னால் அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி ஒரு காட்சிகூட எழுதப்பட்டதாக நான் பார்த்த பாட்டுப் புத்தகங்களில் இல்லை. நடிகர்கள் பின்னாளில் தங்கள் நினைவுக்குறிப்புகளில் ஓரிரு பத்திகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பயந்த ஆணின் உடல் எப்படியிருக்கும் என்று உங்கள் நடிகருக்குத் தெரியவில்லை என்றால், அவரைத் தன் குரல் உடைந்த ஆண்டை நினைவுகூரச் சொல்லுங்கள். எல்லா ஆண்களுக்கும் அந்த ஆண்டு ஒன்று உண்டு.

ஒரு சிறு துணைச்செய்தியும் சொல்லவேண்டும். நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கவைத்த சென்னை மாநில நாடகச் சட்டம் 1954இல் வந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல்தான் செல்லாதவை என்றது. பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களைத் தடைசெய்யும் மத்திய அரசுச் சட்டமும் அதே 1954இல் வந்ததுதான். முதல் சட்டத்துக்கு மேடை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அஞ்சி நடந்தது. இரண்டாவது சட்டத்தின் நிலை என்ன என்பதை உங்கள் கதாநாயகன் பார்த்த கழிப்பறைச் சுவர் சொல்லும்.

ஆலோசனை அறை

அரங்கன் அவர்களுக்கு வணக்கம். ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து, பிறகு ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். உங்கள் கதாநாயகனைப் போன்றவர்களை நான் நூற்றுக்கணக்கில் சந்தித்திருக்கிறேன். ஆகவே சொல் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்: அவன் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டான்.

"உடம்புக்கு அசதியாக இருக்கிறது", "முதுகு வலி", "நரம்புத் தளர்ச்சிபோலத் தெரிகிறது", "சிறுநீர் வெள்ளையாகப் போகிறது" என்றுதான் தொடங்குவான். நீங்கள் மேசையில் இருக்கும் தாள்களை அடுக்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தால், பத்து நிமிடம் கழித்து "அடுத்த மாதம் கல்யாணம்" என்பான். அவன் சொல்லவந்தது அதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எந்தச் சொல்லும் தேவையில்லை. விந்து என்பது உடலின் சாரம், ஒரு சொட்டு போனாலும் எத்தனையோ சொட்டு ரத்தம் போனதற்குச் சமம் என்ற நம்பிக்கையை அவன் யாரிடமும் பாடம் கேட்டுக் கற்றிருக்கமாட்டான். வயல்வெளியிலும் விடுதியிலும் தனக்கு நான்கு வயது மூத்தவர்களிடமிருந்து கேட்டிருப்பான். இந்தியா முழுக்க இருக்கும் இந்த அச்சத்துக்கு மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் 'தாது' என்ற பழஞ்சொல்லை வைத்தே பெயரிட்டார். விந்து உடலில் தொடர்ந்து உற்பத்தியாகும் திரவம், உறக்கத்தில் வெளியேறுவது இயல்பு, சிறுநீர் கலங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் உப்புகளே காரணம் என்று விளக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதை அவன் நம்புவதற்கு வெகுகாலம் ஆகும், ஏனென்றால் அதற்குள் அவன் லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பான்.

இந்த அச்சம் ஆணோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நாடகம் எங்காவது தொடவேண்டும் என்று விரும்புகிறேன். ஆண்களுக்கான கருத்தடை அறுவை எளிது. விந்தணுக் குழாயை மட்டும் துண்டிக்கும் சிறு சிகிச்சை அது. ஆசையையோ விறைப்பையோ ஹார்மோனையோ அது தொடுவதில்லை. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு தம்பதியரில் கிட்டத்தட்ட 38 பேர் பெண்ணின் அறுவையை நம்பியிருக்க, ஆணின் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.3 விழுக்காடுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971இல் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாய அறுவைகள் அந்தச் சிகிச்சையின் பெயரையே கெடுத்துவிட்டன. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அது அடங்கிய பின்னும் எஞ்சியது, "ஆண்மை போய்விடும்" என்ற பேச்சு. அதன் விலையைப் பெண்கள் தங்கள் வயிற்றில் தழும்பாகச் சுமக்கிறார்கள். மூன்று சிசேரியனுக்குப் பிறகும் அறுவை மேசைக்கு வந்த பெண்களின் கணவர்கள் வெளியே வராந்தாவில் நிற்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர்களும் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள்.

நற்றிணை வாசகர்

தமிழாசிரியன் என்ற முறையில் 'ஆண்மை' என்ற சொல்லை அவ்வளவு எளிதாக விளம்பரக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறன் மனைவியை நோக்காமையைத்தான் வள்ளுவர் பேராண்மை என்றார். அங்கே ஆண்மை என்பது உடலின் ஆற்றல் அல்ல, பார்வையின் கட்டுப்பாடு. அதைவிட உங்கள் நாடகத்துக்கு நெருக்கமானது திருக்குறளின் நாணுத்துறவுரைத்தல் அதிகாரம். நாணமும் நல்லாண்மையும் முன்பு என்னிடம் இருந்தன, இன்று என்னிடம் இருப்பது மடல் மட்டுமே என்று தலைவன் அங்கே தன் வாயாலேயே சொல்கிறான். காதல் நிறைவேறாத ஆண் எருக்கம்பூ மாலை சூடி, பனைமடலால் செய்த குதிரையின்மேல் ஏறித் தெருவில் வருவான், ஊர் பார்த்துச் சிரிக்கும். சங்கப் பாடல்கள் அந்தச் சிரிப்பையும் மறைக்கவில்லை. கூத்துப் பெரியவர் கேட்டாரே, நல்லவனுக்குப் புலம்பல் பாட்டு ஏன் இல்லை என்று. மேடைக்கு வரவில்லையே தவிர, மொழியில் அது இருந்தது. உங்கள் இளைஞனுக்கு அந்தக் குறளைப் பாடக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அவனுக்கு நாணம் என்ற சொல்லைக் கொடுங்கள். இன்று அதைப் பெண்ணுக்குரியதாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் குறளில் அது ஆணுடையது.

பெயர் வேண்டாம்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அந்த அறைக்கு வருகிறவனுக்குப் பெண்மீதுதான் ஆசை என்று ஏன் முடிவுசெய்துவிட்டீர்கள்? எனக்குத் திருமணம் நிச்சயமானபோது என் அப்பாவின் நண்பர் ஒருவர் என்னையும் அப்படி ஓர் அறைக்கு அழைத்துப்போனார். எனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, அதற்கு 'ஆண்மைக்குறைவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னபோது நான் அந்தத் திருமணத்தை மறுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த லேகிய டப்பாவை நான் திறக்கவேயில்லை. உங்கள் நாடகத்தின் கதையை மாற்றச் சொல்லவில்லை. அந்த அறையின் வெளியே காத்திருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

காவிரிக்கரை அரங்கன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த பத்து நாட்களாக இந்தப் பதில்களை என் குழுவினரோடு உரக்கப் படித்துப் பேசிவந்தோம். லாட்ஜ் பையன் ஒருவனை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். பெரியவர் சொன்னபடியே முதல் ஐந்து நிமிடம் அவனுடையது. காத்திருக்கும் நாற்காலிகள் இப்போது மேடையின் முன்பகுதிக்கு வந்துவிட்டன. அவற்றில் மூவர் ஒருவரையொருவர் பார்க்காமல் நாடகம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், மூவருக்கும் வேறு வேறு காரணம், அவர்களுக்கு வசனம் கிடையாது. இளைஞன் இனி 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லைச் சொல்வதில்லை, வைத்தியர்தான் சொல்கிறார். அவன் சொல்வது "அடுத்த மாதம் கல்யாணம்" என்பது மட்டும்.

மகரக்கட்டுப் பயிற்சியையும் செய்துபார்த்தோம். குரல் உடைந்த ஆண்டில் தாம் பாடுவதை நிறுத்திக்கொண்ட ஒரு பாட்டை ஒவ்வொருவரும் நினைவுகூர்ந்து, அப்போது உடைந்த இடத்திலிருந்து பாடவேண்டும் என்றேன். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிவைப் பற்றித்தான் இன்னும் தயக்கம். இப்போதுள்ள வடிவில், இளைஞன் லேகியத்தை வாங்காமல் எழுந்து, அரசு மருத்துவமனைக்குப் போய், "உனக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் தெளிவடைகிறான். செவிலியர் அம்மா இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆலோசனை அறை

அந்த முடிவை மாற்றிவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு ஒன்றுமில்லை என்பது உண்மைதான், ஆனால் சிலருக்கு இருக்கும். விறைப்புக் குறைவு சர்க்கரை நோயின் அறிகுறியாகவோ ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவோ வரலாம். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றாலும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றாலும் வரலாம். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒன்றுமில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. மேலும், 'உனக்கு ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்காக அவன் மருத்துவரிடம் கையேந்தி நிற்பதும், லேகியத்துக்காக வைத்தியரிடம் கையேந்தி நிற்பதும் மேடையில் ஒரே மாதிரி தெரியும்.

என் அறையில் வழக்கமாக நடந்ததைச் சொல்கிறேன். முதல்முறை வருகிறவன் பாதி சொல்லிவிட்டுப் போய்விடுவான். இரண்டாம் முறை வந்தால் மீதியைச் சொல்வான். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்போம், அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பான். அவனோடு திருமணமாகப்போகும் பெண்ணிடம் பேசியிருக்கிறாயா என்று கேட்டால், அப்படி ஒரு வழி இருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தோன்றும். அவர்களில் சிலர் வராந்தாவிலேயே நின்று கைபேசியை எடுத்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நாடகம் அங்கே நிற்கலாம்.